பாட்டுக்குச் சந்தா கட்டும் முன் யோசியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஸ்பீக்கரை இணைத்த கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டுக் கேட்க எந்தக் கம்பெனிக்குச் சந்தா கட்டலாம்? எந்த பிளான் லாபம்?" என்பதுதான் அது. இன்டர்நெட்டில் தேடினால் பத்துப் பட்டியல் கிடைக்கும். எத்தனை கோடிப் பாடல்கள், என்ன சவுண்டு குவாலிட்டி, ஆண்டுச் சந்தாவில் எவ்வளவு தள்ளுபடி என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தக் கம்பெனி நாளைக்கு மூடிவிட்டால் நீங்கள் கட்டிய பணம் என்னாகும் என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்கள்.

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இங்கே பாட்டு என்பது ஓய்வு நேரத்துக்கு மட்டும் உரியது அல்ல. ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டுகிறவருக்கு அது ஒரு துணை. சனிக்கிழமை வாங்கும் வாரச் சம்பளத்தில் வீட்டு வாடகை, மளிகை, ஸ்கூல் பீஸ் போக மிஞ்சுவதில்தான் சந்தாவும் கட்ட வேண்டும். ஆகவே இந்த விஷயத்தில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கு மாதச் சந்தா மட்டும் கட்டுங்கள். ஓராண்டு, இரண்டாண்டு என்று மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். சந்தா நின்றுபோனாலும் உங்கள் கையில் இருக்கும்படி கொஞ்சம் பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம், நம் நாட்டிலேயே நடந்த ஒரு கதை.

வானத்திலிருந்து வந்த ரேடியோ

இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்கள் வேர்ல்டுஸ்பேஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. இந்தியாவில் சந்தா கட்டிக் கேட்கும் சாட்டிலைட் ரேடியோ என்றால் அது ஒன்றுதான். நோவா சமாரா என்பவர் 1990-ல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி இது. ஆப்பிரிக்காவுக்காக ஆஃப்ரிஸ்டார் என்ற சாட்டிலைட்டை 1998-லும், ஆசியாவுக்காக ஏசியாஸ்டார் என்ற சாட்டிலைட்டை 2000-லும் விண்ணில் ஏற்றினார்கள்.

அது வேலை செய்த விதம் எளிமையானது. ஏசியாஸ்டார் பூமத்திய ரேகைக்கு மேலே, 105 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், ஒரே இடத்தில் நிற்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. பாடல்களை டிஜிட்டலாகச் சுருக்கி அதற்கு அனுப்புவார்கள். அது அவற்றை ஆசியாவின் பெரும்பகுதிக்குத் திருப்பி அனுப்பும். கேட்பவர் தனி ரிசீவர் ஒன்றை வாங்க வேண்டும். அதனுடன் வரும் சிறிய தட்டை ஆன்டெனாவை ஜன்னலிலோ மொட்டை மாடியிலோ சாட்டிலைட்டைப் பார்த்து வைக்க வேண்டும். திருப்பூரில் என்றால் கிழக்கே, கொஞ்சம் தெற்காக, பாதி வானத்துக்குச் சற்று மேலே. நடுவில் சுவரோ மரமோ வந்தால் சிக்னல் போய்விடும். வீட்டுக்குள் ஓரிடத்தில் வைத்துக் கேட்க அருமையான கருவி. ஆனால் நடந்துகொண்டோ பஸ்ஸில் போய்க்கொண்டோ கேட்க உதவாது.

சேனல்கள் நன்றாகவே இருந்தன. தமிழுக்குக் கேஎல் ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்குக் கந்தர்வ், கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் தனித்தனியே என்று கொடுத்தார்கள். பெரும்பாலான இசைச் சேனல்களில் விளம்பரத் தொல்லை இல்லை. ஆரம்பத்தில் ரிசீவர் வாங்கினால் போதும், கேட்பது இலவசம் என்று இருந்தது. சில ஆண்டுகள் கழித்துச் சந்தா முறைக்கு மாறினார்கள். 2005-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் கம்பெனி பட்டியலிடப்பட்டது. 2006-ல் ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதரானார். இவ்வளவு பெரிய பெயர்கள் பின்னால் இருக்கும்போது, ரிசீவருக்குப் பணம் கொடுத்துச் சந்தாவையும் முன்கூட்டியே கட்டிவிட யார்தான் தயங்குவார்கள்?

2009 டிசம்பர் 31

வருமானத்தைவிடக் கடன் பெருகியது. 2008 அக்டோபரில் வேர்ல்டுஸ்பேஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு மனு செய்தது. அப்போதும் இந்தியாவில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேட்பவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஓராண்டுக்கும் மேல் இப்படியே போயிற்று. கம்பெனியின் சொத்துகளை வாங்க முன்வந்தவர்கள் இந்தியச் சந்தா வியாபாரம் மட்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2009 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் இந்தியச் சேவை நிறுத்தப்பட்டது.

இந்தக் கம்பெனியின் சந்தாதாரர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள்தான். அப்படி இருந்தும் அவர்களுக்குத்தான் கதவு முதலில் மூடியது. சந்தா இன்னும் பல மாதங்கள் மீதி இருந்தவர்களுக்கு ரேடியோ ஊமையானது. திவாலான கம்பெனியிடம் பாக்கியைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது பனியன் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு பையர் ஒருவர் மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டால், அனுப்பிய சரக்குக்குப் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்காவது தெரியுமா? அதே நிலைதான். வங்கிகளும் பெரிய கடன்காரர்களும் வரிசையில் முன்னால் நிற்பார்கள். சில நூறு ரூபாய் பாக்கிக்காக அமெரிக்க நீதிமன்றத்துக்கு யார் போவார்கள்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரிசீவர் கெட்டுப்போகவில்லை. ஆன்டெனாவும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பெட்டியை அந்த ஒரு சேவைக்கு மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால், சேவை நின்றதும் அது பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதாயிற்று. இன்றைக்கு இந்தியாவில் சந்தா கட்டிக் கேட்கும் சாட்டிலைட் ரேடியோ எதுவும் இல்லை. அமெரிக்காவில் 2008-ல் இரண்டு கம்பெனிகள் இணைந்து உருவான சிரியஸ் எக்ஸ்எம் கார்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நமக்குக் கிடைக்காது. ஆகவே யாராவது "சாட்டிலைட் ரேடியோ செட்" என்று பழைய பெட்டியை உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஸ்ட்ரீமிங் வந்த பிறகும்

"அது பழைய காலம். இப்போது எல்லாம் இன்டர்நெட். பெரிய பெரிய கம்பெனிகள் நடத்துகின்றன" என்று நீங்கள் சொல்லலாம். சரி, அதையும் பார்ப்போம்.

ஃபிளிப்கார்ட் கம்பெனி 2012-ல் ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் திறந்து, 2013-ல் மூடியது. கூகுள் பிளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டது. டிக்டாக் நடத்தும் பைட்டான்ஸ் கம்பெனியின் ரெஸ்ஸோ 2020-ல் இங்கே வந்து, 2024 ஜனவரியுடன் நின்றது. ஏர்டெல் 2014-ல் தொடங்கிய விங்க் மியூசிக்கை 2024-ல் மூடுவதாக அறிவித்தது. கானா மூடவில்லை. ஆனால் 2022-ல் இலவசமாகக் கேட்கும் வசதியை நிறுத்திவிட்டுச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் என்று மாறியது. இவற்றில் எதையும் சின்னக் கம்பெனி என்று சொல்ல முடியாது.

ஆனால் இவை எல்லாம் ஒரே மாதிரி மூடப்படவில்லை. கூகுள் தன் வாடிக்கையாளர்களின் பாட்டுகளையும் பிளேலிஸ்டுகளையும் யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள வழி செய்து கொடுத்தது. ஃபிளைட்டின் கதை இன்னும் நல்லது. அது பாட்டை வாடகைக்கு விடவில்லை, எம்பி3 ஃபைலாக விற்றது. டவுன்லோட் செய்து ஹார்டு டிஸ்கில் வைத்தவர்களிடம் அந்தப் பாட்டு இன்றும் இருக்கும். கடை மூடியதால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வேர்ல்டுஸ்பேஸ் சந்தாதாரருக்கும் ஃபிளைட் வாடிக்கையாளருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முதலாமவர் கட்டியது வாடகை முன்பணம். இரண்டாமவர் வாங்கியது சொந்தப் பொருள்.

சந்தா என்பது வாடகை

வாடகை என்பது கெட்ட விஷயம் அல்ல. மாதம் ஒரு சிறிய தொகைக்கு லட்சக்கணக்கான பாடல்களைக் கேட்பது நல்ல பேரம்தான். ஆனால் அது வாடகை என்பதை மறந்துவிடக் கூடாது.

உதாரணமாக, சந்தா கட்டினால் பாட்டை "டவுன்லோட்" செய்துகொள்ளலாம் என்று விளம்பரம் செய்வார்கள். அப்படி இறங்குவது எம்பி3 ஃபைல் அல்ல. அந்த ஆப் மட்டுமே படிக்கக்கூடிய, பூட்டிய ஃபைல். அதை பென் டிரைவில் காப்பி செய்து காரில் போட முடியாது. சந்தா முடிந்ததும் பூட்டு விழும். ஸ்பாடிஃபையில் சந்தா இருந்தாலும் 30 நாளைக்கு ஒரு முறையாவது இன்டர்நெட்டில் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் டவுன்லோட் செய்தவை போய்விடும்.

இன்னொன்று. கம்பெனி நன்றாக நடக்கும்போதே பாட்டு காணாமல் போகலாம். ஸ்பாடிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் சரிகம கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சரிகம என்பது பழைய எச்எம்வி ரெக்கார்டு கம்பெனிதான். பழைய தமிழ்ப் பாடல்களில் ஏராளமானவற்றின் உரிமை அவர்களிடம் இருக்கிறது. அவர்களின் பாடல்கள் ஸ்பாடிஃபையிலிருந்து நீக்கப்பட்டு, 2020-ல் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்ப வந்தன. நடுவில் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டது. பழைய பாட்டுக்காகவே ஆண்டுச் சந்தா கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

பிளானைப் படிக்கும் முறை

சந்தா கட்டுவது என்று முடிவு செய்துவிட்டால், கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள். விலை ஒவ்வொரு ஆண்டும் மாறுவதால், எந்தக் காலத்துக்கும் பொருந்தும் விஷயங்களை மட்டும் தருகிறேன்.

1. கம்ப்யூட்டரில் வேலை செய்யுமா? குறைந்த விலை பிளான்களில் சில மொபைலில் மட்டும் கேட்கக்கூடியவை. ஸ்பாடிஃபை ஒரு காலத்தில் நாளுக்கு 7 ரூபாய், வாரத்துக்கு 25 ரூபாய் என்று மினி சந்தா கொண்டுவந்தது. வாரச் சம்பளக்காரர்களுக்கு ஏற்ற யோசனை. ஆனால் அது ஒரே ஒரு மொபைலுக்கு உரியது. புதுக் கம்ப்யூட்டரில் கேட்கத்தான் சந்தா கட்டுகிறீர்கள் என்றால், "மொபைல் மட்டும்" என்று எங்காவது பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2. உங்கள் பாட்டு இருக்கிறதா? நம் ஊரில் துணிக்குச் சாம்பிள் பார்க்காமல் யாரும் ஆர்டர் போடுவதில்லை. இதற்கும் சாம்பிள் பாருங்கள். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு இருபது பாட்டின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அப்பாவுக்குப் பிடித்த 1960-களின் பாட்டு, அம்மாவுக்குப் பக்திப் பாட்டு, பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு என எல்லாம் இருக்கட்டும். இலவசக் கணக்கிலோ ட்ரையல் காலத்திலோ ஒவ்வொன்றாகத் தேடுங்கள். பதினெட்டாவது கிடைத்தால் நல்ல சேவை. உங்கள் கம்பெனியில் ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இருந்தால், அவர்கள் மொழிப் பாட்டுகளையும் தேடச் சொல்லுங்கள். பத்துக் கோடிப் பாட்டு இருக்கிறது என்ற விளம்பரத்தைவிட இந்த இருபதே உங்களுக்கு முக்கியம்.

3. டேட்டா எவ்வளவு போகும்? இதற்குக் கணக்கு சுலபம். 96 கேபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 96,000 பிட். எட்டால் வகுத்தால் 12,000 பைட். மணிக்கு 3,600 விநாடி. ஆக ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 43 எம்பி. அதே கணக்கில் 160 கேபிபிஎஸ்ஸுக்கு 72 எம்பி, 320 கேபிபிஎஸ்ஸுக்கு 144 எம்பி. ஒன்றரை ஷிஃப்ட், அதாவது 12 மணி நேரம் ஓடவிட்டால் முறையே சுமார் 520 எம்பி, 860 எம்பி, 1.7 ஜிபி ஆகும். தினம் 1.5 ஜிபி தரும் மொபைல் பேக்கில் உயர்ந்த குவாலிட்டி வைத்தால் ஷிஃப்ட் முடியும் முன்பே டேட்டா தீர்ந்துவிடும். செட்டிங்ஸில் போய் ஆடியோ குவாலிட்டியை 'நார்மல்' என்று மாற்றுங்கள். சாதாரண ஸ்பீக்கரில் பெரிய வித்தியாசம் தெரியாது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இந்தக் கவலை வேண்டாம். பாட்டைக் கேட்க வீடியோவை ஓடவிடுவதைத் தவிருங்கள். அதற்கு இதைவிடப் பல மடங்கு டேட்டா போகும்.

4. ஃபேமிலி பிளான் யாருக்கு? ஒரே முகவரியில் வசிக்கும் குடும்பத்தினருக்குத்தான் என்று விதிகளில் எழுதியிருப்பார்கள். வேறு வேறு வீட்டில் இருக்கும் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பங்கு போடுவது விதிப்படி செல்லாது. கணக்கு நிறுத்தப்பட்டால் பணத்தைக் கட்டியவர் தலையில்தான் விழும்.

5. ரீசார்ஜுடன் இலவசமா? மொபைல் அல்லது பிராட்பேண்ட் பேக்குடன் பாட்டுச் சந்தாவும் சேர்ந்து வந்தால் நல்லது, பயன்படுத்துங்கள். ஆனால் அதற்காகவே விலை கூடிய பேக்குக்கு மாறாதீர்கள். இலவசக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ பே விஷயத்தில் உஷார்

இலவச ட்ரையலுக்கும் கார்டு நம்பரோ யூபிஐயோ கேட்பார்கள். ட்ரையல் முடிந்ததும் பணம் தானாக எடுக்கப்படும். பலர் ஆப்பை அழித்துவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆப்பை நீக்கினாலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும். கணக்குக்குள் போய் 'கேன்சல்' கொடுக்க வேண்டும். கூகுள் பிளே மூலம் கட்டியிருந்தால் அங்கே உள்ள 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில் கேன்சல் செய்ய வேண்டும். யூபிஐ மூலம் கட்டியிருந்தால் உங்கள் யூபிஐ ஆப்பில் 'ஆட்டோ பே' பகுதியிலும் அனுமதியை நீக்கலாம்.

இதில் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாகப் பணம் எடுப்பதற்கு நீங்கள் முதலில் ஓடிபி போன்ற கூடுதல் உறுதி தர வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள். சேருவதைச் சுலபமாகவும் விலகுவதைக் கஷ்டமாகவும் வைப்பதை 'சந்தாப் பொறி' என்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தவறான வியாபார முறைகளின் பட்டியலில் சேர்த்தது. கேன்சல் செய்ய முடியாமல் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்கலாம்.

தையல் ஹாலில் ஸ்பீக்கர் வைப்பவர்களுக்கு

பவர் டேபிள் வரிசைக்கு நடுவே ஸ்பீக்கர் கட்டி, ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து முதலாளியின் சொந்தச் சந்தாவில் பாட்டுப் போடும் வழக்கம் வந்துவிட்டது. நல்ல மனசுதான். ஆனால் ஸ்ட்ரீமிங் சந்தாக்கள் தனிநபர் உபயோகத்துக்கு மட்டுமே, வியாபார இடத்துக்கு அல்ல என்று விதிகளில் இருக்கும். பலர் கேட்கும் இடத்தில் பாட்டு ஒலிக்கச் செய்வதற்குக் காப்புரிமைச் சட்டப்படி தனி உரிமம் தேவைப்படும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் ஐபிஆர்எஸ், ரெக்கார்டு கம்பெனிகள் சார்பில் பிபிஎல் போன்ற அமைப்புகள் இந்த உரிமத்தைத் தருகின்றன. வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்காக எத்தனையோ சர்டிபிகேட் வாங்கி வைக்கும் கம்பெனிகள் இதையும் ஒரு முறை தங்கள் ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ கேட்டுவிடுவது நல்லது.

ஆண்டுச் சந்தா மலிவுதானே?

என் கருத்தை மறுப்பவர்கள் சொல்லும் முக்கியமான வாதம் இது. நியாயமான வாதம்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சந்தா 100 ரூபாய், ஆண்டுச் சந்தா 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதமும் கேட்டால் 200 ரூபாய் மிச்சம். பத்து மாதத்தில் நிறுத்தினால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆறு மாதத்தில் நிறுத்தினால் 400 ரூபாய் நஷ்டம்.

இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதமும் விடாமல் கேட்பீர்களா? ஆர்டர் நெருக்கடியில் ராத்திரி பகலாக ஓடும் மாதம் உண்டு. ஆர்டர் இல்லாமல் ஊருக்குப் போய்விடும் மாதமும் உண்டு. பிள்ளைகளின் பரீட்சை மாதத்தில் கம்ப்யூட்டரையே மூடி வைப்போம். மாதச் சந்தா என்றால் அந்த மாதங்களில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆண்டில் இரண்டு மாதம் நிறுத்தினாலே அந்த 200 ரூபாய் சரியாகிவிடும். கம்பெனி மூடினாலும், விலையை ஏற்றினாலும், பாட்டை நீக்கினாலும், உங்களுக்குப் போவது அதிகபட்சம் ஒரு மாதச் சந்தாதான்.

ஜாப் ஒர்க் கொடுக்கும்போது முழு ஆர்டருக்கும் முன்கூட்டியே பணம் கொடுத்துவிடுகிறோமா? வந்த லாட்டுக்குத்தானே கணக்கு முடிக்கிறோம்? தொழிலில் இருக்கும் அந்தக் கவனம் வீட்டுச் செலவிலும் இருக்கட்டும் என்கிறேன். ஒரு சேவையை ஓராண்டு முழுக்க மாதச் சந்தாவில் கேட்டு, ஒரு மாதம்கூட நிறுத்தாதவர் மட்டும் இரண்டாம் ஆண்டுக்கு ஆண்டுச் சந்தாவை யோசிக்கலாம். அப்போதும் ஓராண்டுக்கு மேல் வேண்டாம்.

சொந்தமாக என்ன வைத்துக்கொள்வது?

வீட்டில் பழைய ஆடியோ சிடிக்கள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியைப் போட்டு 'ரிப்' என்ற பட்டனைக் கிளிக் செய்தால் பாடல்கள் ஹார்டு டிஸ்கில் ஏறிவிடும். முன்பே செட்டிங்ஸில் ஃபார்மட்டை எம்பி3 என்று மாற்றிக்கொள்ளுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இல்லாவிட்டால் யூஎஸ்பி-யில் இணைக்கும் டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. ஏற்றிய பாட்டுகளை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்கும் ஒரு நாள் போகக்கூடியதுதான்.

வீட்டுப் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டரும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், பட்டனைத் திருகினால் பாட்டு வந்தால் போதும். அவர்களுக்குச் சரிகம கம்பெனியின் கார்வான் மாதிரி பாட்டு ஏற்றிய பெட்டி ஏற்றது. 2017-ல் இந்தியில் 5,000 பாடல்களுடன் வந்து, பிறகு தமிழ்ப் பதிப்பும் வந்தது. ஒரு முறை பணம் கொடுத்தால் முடிந்தது. சந்தாவும் இல்லை, இன்டர்நெட்டும் வேண்டாம். ஆனால் அதில் உள்ள பாட்டுதான் பாட்டு. புதிதாக வேண்டும் என்றால் பென் டிரைவில் போட்டுச் செருகிக் கேட்கலாம்.

செலவே இல்லாத வழியும் உண்டு. கோவையிலிருந்து வரும் எஃப்எம் நிலையங்கள் திருப்பூரில் நன்றாகவே கேட்கின்றன. ஆகாசவாணியின் 'நியூஸ் ஆன் ஏர்' ஆப்பில் தமிழ் நிலையங்கள் உட்பட ஏராளமான வானொலி நிலையங்களை இலவசமாகக் கேட்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் பெட்டி இருந்தால் டிவி வழியாகவும் ஆகாசவாணிச் சேனல்கள் வரும். சாட்டிலைட் ரேடியோ வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு அதுவே இன்றைய சாட்டிலைட் ரேடியோ, அதுவும் சந்தா இல்லாமல்!

ஒரே ஒரு எச்சரிக்கை. சந்தா இல்லாமலே எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிப் பரவும் 'மோட்' ஆப்களை மொபைலிலோ கம்ப்யூட்டரிலோ ஏற்றாதீர்கள். அதன் உள்ளே யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. அதே மெஷினில்தான் நீங்கள் பேங்க் வேலையும் பார்க்கிறீர்கள்.

யாருக்கு எது?

இத்தனையும் படித்துவிட்டு "கடைசியில் என்னதான் செய்வது?" என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் கேட்பவருக்குச் சந்தாவே வேண்டாம். எஃப்எம், ஆகாசவாணி ஆப், விளம்பரத்துடன் வரும் இலவச ஸ்ட்ரீமிங் ஆகியவை போதும். நடுவில் விளம்பரம் வருகிறது என்பதற்காக மட்டும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தேவையில்லை.

ஷிஃப்ட் முழுக்க ஹெட்போனில் கேட்பவருக்கு மாதச் சந்தா லாபம்தான். வீட்டு வைஃபையில் டவுன்லோட் செய்துகொண்டு போனால் மொபைல் டேட்டாவும் மிச்சமாகும். ஆனால் மெஷினில் கை வைத்து வேலை செய்பவர்கள், பக்கத்தில் கூப்பிடுவது காதில் விழும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து பேர் உள்ள வீட்டுக்கு ஃபேமிலி பிளான், அதுவும் மாதக் கணக்கில். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டு, மாதம் ஒரு முறை "இந்த மாதம் யாராவது கேட்டீர்களா?" என்று விசாரித்துவிட்டுத் தொடரட்டும்.

எந்தப் பிளானில் சேர்ந்தாலும், உங்கள் பிளேலிஸ்டில் உள்ள பாட்டுகளின் பெயர்களை ஒரு நோட்பேட் ஃபைலில் டைப் செய்து சேமித்து வையுங்கள். அரை மணி நேர வேலை. சேவை மூடினாலும், நீங்களே வேறு சேவைக்கு மாறினாலும், அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். வேர்ல்டுஸ்பேஸ் கேட்டவர்களிடம் அதுகூட இல்லை. 2010 ஜனவரி 1-ஆம் தேதி காலையில் ரிசீவரை ஆன் செய்தவர்களுக்குத் தங்களுக்குப் பிடித்த சேனலில் ஓடிய பாட்டுகள் எவை என்பதை நினைவிலிருந்துதான் தேட வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.